கடை மெத்தைக்கு ஈடாக வீட்டிலேயே ஒரு லேட்டக்ஸ் மெத்தை: முழுமையான வழிகாட்டி

பெங்களூர் இந்திராநகர் 100 அடி ரோட்டில் ஒரு மெத்தைக் கடை. என் மனைவி அங்கே இருந்த லேட்டக்ஸ் மெத்தையில் ஒருக்களித்துப் படுத்தாள். இருபது நிமிஷம் எழுந்திருக்கவே இல்லை. ஒரு வருஷமாகத் தோள் வலியோடு விடிகிற ஆள் அவள். "இதுதான் வேணும்" என்றாள். 8 இஞ்ச் உயரம், குயின் சைஸ், விலை 68,000 ரூபாய்.

நான் குலசேகரத்துக்காரன். ரப்பர் தோட்டத்துக்கு நடுவே வளர்ந்தவன். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு அப்பா பால் வெட்டப் போவதும், சிரட்டையில் வெள்ளைப் பால் சொட்டுவதும், பட்டையில் காய்ந்த ஒட்டுபாலை நாங்கள் பிய்த்துப் பந்து செய்வதும் எனக்குப் பழகிய காட்சிகள். அந்தப் பாலை நுரைத்துத்தான் மெத்தை செய்கிறார்கள் என்பது தெரியும். ஆனால் மெத்தைக்குள் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. கவர் ஜிப்பைத் திறந்து காட்டச் சொன்னேன். கடைப் பையன் தயங்காமல் திறந்தான். உள்ளே தனித்தனியாக நான்கு அடுக்கு. பசை போட்டு ஒட்டக்கூட இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து உறை மாட்டியிருந்தார்கள்.

அப்படியானால் அதே அடுக்குகளை நாமே வாங்கி அடுக்கலாமே. அடுக்கினோம். அல்சூரில் மூன்றாவது மாடி வீட்டில் அந்த மெத்தையில்தான் மூன்று வருஷமாகத் தூங்குகிறோம். மொத்தம் 43,000 ரூபாய்க்குள் முடிந்தது. இதில் நான் வீணாக்கிய ஒரு கவரும் சேர்த்தி. நீங்கள் அதை வீணாக்காமல் இருக்கத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

வாங்கும் முன் தெரிய வேண்டிய கொஞ்சம்

மரத்திலிருந்து வரும் பாலில் ரப்பர் ஏறக்குறைய 30 முதல் 40 சதவீதம். மீதி பெரும்பாலும் தண்ணீர். அதை மெஷினில் சுழற்றி 60 சதவீதத்துக்குக் கெட்டியாக்கி, உறையாமல் இருக்க அம்மோனியா சேர்ப்பார்கள். இந்தக் கெட்டிப் பாலில் கந்தகம், துத்தநாக ஆக்சைடு, சோப்பு எல்லாம் கலந்து, முட்டை அடிப்பதுபோல் அடித்து நுரையாக்கி, அச்சில் ஊற்றி, நீராவியில் வேகவைத்தால் லேட்டக்ஸ் ஃபோம் பலகை, அதாவது மெத்தைக்குள் இருக்கும் ஒரு அடுக்கு. அச்சில் வரிசையாக நிற்கும் கம்பிகள் விட்ட தடம்தான் பலகை முழுக்க நீங்கள் பார்க்கும் துளைகள். சூடு உள்வரை போய்ச் சேர அந்தக் கம்பிகள் வேண்டும்.

இதற்குப் பெயர் டன்லப் முறை. 1929-இல் இங்கிலாந்தில் டன்லப் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்தது. இன்னொன்று தலாலே முறை. அதில் அச்சைப் பாதி நிரப்பி, காற்றை உறிஞ்சி நுரையை உப்பவைத்து, குளிரில் உறையவைத்து, கார்பன் டை ஆக்சைடு செலுத்திய பிறகு வேகவைப்பார்கள். தலாலே பலகை இன்னும் மென்மையாக, மேலும் கீழும் ஒரே சீராக இருக்கும். நம் ஊரில் கிடைப்பது பெரும்பாலும் டன்லப்தான். நீங்கள் படுத்துப் பார்த்தது தலாலே மெத்தை என்றால், அதே அடர்த்தி எண் போட்ட டன்லப் பலகை அந்த சுகத்தைத் தராது. இதை முதலிலேயே கடையில் கேட்டுவிடுங்கள்.

"100 சதவீதம் இயற்கை" என்று எழுதியிருந்தால், அதிலுள்ள ரப்பர் முழுவதும் மரத்துப் பால் என்று அர்த்தம். கந்தகம் இல்லாமல் ரப்பர் வேகாது. அதனால் மற்ற சேர்மானங்கள் எந்தப் பலகையிலும் கொஞ்சம் இருக்கும். அது ஏமாற்று இல்லை. செயற்கை ரப்பரைக் கலந்துவிட்டு இயற்கை என்று விற்பதும், எடை கூட்ட சுண்ணாம்புத் தூளைச் சேர்ப்பதும்தான் ஏமாற்று. சுண்ணாம்பு கலந்த பலகையைக் கட்டை விரலால் அமுக்கி விட்டால் சோம்பலாகத்தான் எழும். ஓரத்தைக் கசக்கினால் பொடி உதிரும். நல்ல பலகை விரலோடு கூடவே எழுந்து வரும்.

ஒரு எச்சரிக்கை: ரப்பர் கையுறையோ பலூனோ பட்டால் தடிப்பு வருகிறவர்கள் வீட்டில் இருந்தால், டாக்டரிடம் கேட்காமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

கடை மெத்தையின் வயிற்றைப் பாருங்கள்

பாதி வேலை இதுதான். எத்தனை அடுக்கு, ஒவ்வொன்றும் எத்தனை இஞ்ச், எந்த வரிசை, ஒவ்வொன்றின் டென்சிட்டி (அடர்த்தி) என்ன, கவரில் பஞ்சு வைத்துத் தைத்திருக்கிறதா. இவ்வளவும் எழுதி வாங்குங்கள். கவரைத் திறக்க மாட்டேன் என்று சொல்கிற கடை மெத்தையைக் காப்பியடிக்க முயல வேண்டாம். ஊகத்தில் காசு போகும்.

'லேட்டக்ஸ் மெத்தை' என்ற பெயரில் மேலே 1 இஞ்ச் மட்டும் லேட்டக்ஸ் வைத்து, கீழே சாதா ஃபோமோ, ரப்பர் தெளித்த தேங்காய் நாரோ வைத்தவை நிறைய உண்டு. அவை கெட்டவை என்று சொல்லவில்லை; விலை வேறு, உள்ளே இருக்கும் சரக்கு வேறு. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி எடை. விவர அட்டையில் மெத்தையின் எடை போட்டிருப்பார்கள். குயின் சைஸ், அதாவது 78-க்கு 60 இஞ்ச், 8 இஞ்ச் உயரம் முழுவதும் லேட்டக்ஸ் என்றால் எடை 40 கிலோவுக்குக் குறையாது. 30 கிலோ என்று போட்டிருந்தால் உள்ளே வேறு சரக்கு இருக்கிறது.

டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டர் பலகை எத்தனை கிலோ என்பது. நம் கடைகளில் 65 என்றால் மென்மை, 75, 80 என்றால் நடுத்தரம், 90-க்கு மேல் கெட்டி என்று பேசுவார்கள். வெளிநாட்டு அட்டைகளில் ஐஎல்டி என்று ஓர் எண் இருக்கும். 50 சதுர இஞ்ச் வட்டத் தட்டை வைத்துப் பலகையை அதன் தடிமனில் கால்வாசி அமுக்க எத்தனை பவுண்டு பாரம் வேண்டும் என்ற கணக்கு அது. 20-ஐ ஒட்டி இருந்தால் மென்மை, 30-க்கு மேல் கெட்டி. இரண்டும் ஒன்றல்ல. எடை கூடிய பலகை எல்லாம் கெட்டியாக இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஒரே தொழிற்சாலையின் பலகைகளுக்குள் மட்டும் டென்சிட்டியை நம்பி ஒப்பிடலாம். இரண்டு கம்பெனிகளின் 80-ம் 80-ம் முதுகுக்கு ஒன்றாக இருக்காது.

நாங்கள் பார்த்த மெத்தை: மேலே 2 இஞ்ச் 65, அடுத்து 2 இஞ்ச் 80, அடியில் 2 இஞ்சில் இரண்டு 90. கவர் மெல்லிய பனியன் துணி.

பலகைச் சோதனை

எண்களை நம்ப முடியாதென்றால் எதை வைத்து ஈடு பார்ப்பது? நான் செய்தது இது. தச்சரிடம் பிளைவுட்டில் 8 இஞ்ச் விட்டத்துக்கு ஒரு வட்டம் வெட்டி வாங்கினேன். ஏறக்குறைய அதே 50 சதுர இஞ்ச்தான். அதன் ஓரத்தில் ஒரு ஸ்டீல் ஸ்கேலைச் செங்குத்தாக ஒட்டினேன். இரண்டு 5 கிலோ அரிசிப் பொட்டலம், 4 அடி நீள அலுமினியப் பட்டை ஒன்று. இவ்வளவுதான் கருவி.

மெத்தையின் நடுவில் வட்டப் பலகையை வைத்து, அலுமினியப் பட்டையை ஸ்கேலை ஒட்டினாற்போல மெத்தை மேல் படுக்கவையுங்கள். பட்டை ஸ்கேலில் எந்த மில்லிமீட்டரில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அரிசிப் பொட்டலங்களை வட்டப் பலகை மேல் வைத்து ஒரு நிமிஷம் விட்டு மறுபடி பாருங்கள். வித்தியாசம்தான் பள்ளம். மூன்று இடத்தில் செய்து சராசரி எடுங்கள். கடை மெத்தையில் எனக்கு 31 மில்லிமீட்டர் வந்தது. காலையில் கூட்டம் இல்லாத நேரமாகப் போய்க் கேட்டதால் கடைக்காரர் மறுக்கவில்லை. அவரே பட்டையைப் பிடித்துக்கொண்டார்.

31 என்ற எண்ணுக்குத் தனியாக மதிப்பு எதுவும் இல்லை. அதே வட்டப் பலகை, அதே அரிசி வைத்து வீட்டு மெத்தையில் எவ்வளவு வருகிறது என்று ஒப்பிட்டால் அதற்கு மதிப்பு வரும்.

அளந்த பிறகு படுத்தும் பாருங்கள். வழக்கமாக எப்படித் தூங்குவீர்களோ அப்படியே, வீட்டுத் தலையணையைக் கையோடு கொண்டுபோய், கால் மணி நேரமாவது படுக்க வேண்டும். ஒருக்களித்துப் படுப்பவர்களுக்குத் தோளும் இடுப்பெலும்பும் உள்ளே இறங்க இடம் வேண்டும். மேலே மென்மையான 2 இஞ்சாவது தேவை. மல்லாந்து படுப்பவர்களுக்கு நடுத்தரம் போதும். குப்புறப் படுக்கிறவர்களுக்கு மேல் அடுக்கே கெட்டியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வயிறு இறங்கி இடுப்பு வளைந்துவிடும். உடம்பு எடை கூடினால் எல்லாவற்றிலும் ஒரு படி கெட்டி. கணவன் மனைவி இருவருக்கும் எடை வித்தியாசம் அதிகம் என்றால், மேல் அடுக்கை மட்டும் இடம் வலமாக இரண்டு துண்டாக, வேறு வேறு டென்சிட்டியில் வாங்கலாம். கடை மெத்தையில் இந்த வசதி அநேகமாகக் கிடைக்காது.

கட்டிலை அளந்து ஆர்டர் கொடுங்கள்

குயின் என்று சொல்லி ஆர்டர் கொடுக்காதீர்கள். நம் கட்டில்களில் 72, 75, 78 இஞ்ச் நீளமும் 36, 48, 60, 72 இஞ்ச் அகலமும் புழக்கத்தில் இருக்கின்றன. ஆசாரி செய்த கட்டில் என்றால் இவற்றில் எதிலும் அடங்காது. விளிம்புச் சட்டத்துக்கு உள்ளே அளந்து, இரு பக்கமும் கால் இஞ்ச் விட்டுச் சொல்லுங்கள். விரிப்பைச் செருக விரல் போக வேண்டுமே.

பலகை செய்பவர்கள் கேரளத்திலும் எங்கள் கன்னியாகுமரிப் பக்கத்திலும் இருக்கிறார்கள். தனி அடுக்காகவே விற்பார்கள். இரண்டு மூன்று பேரிடம் விலை கேட்டு, ஒவ்வொரு பலகையின் விலையையும் அதன் எடையால் வகுத்துப் பாருங்கள். ஒரு கிலோ லேட்டக்ஸ் என்ன விலை என்று தெரிந்தால் யார் நியாயம் என்பது அடுத்த நொடியே புரியும். மலிவாகத் தெரிந்த ஒன்று, கிலோ கணக்கில் விலை கூடியதாக எனக்கு வந்தது.

எல்லா அடுக்கையும் ஒரே இடத்தில், 2 இஞ்ச் தடிமனிலேயே வாங்குங்கள். 4 இஞ்ச் பலகை ஒன்று வாங்குவதைவிட 2 இஞ்சில் இரண்டு நல்லது. வரிசையை மாற்றிப் பார்க்கவும், ஒன்று மட்டும் சரியில்லாமல் போனால் அதை மட்டும் மாற்றவும் அதுதான் வசதி. இந்த ஒன்றுக்காகவே சொந்தமாக அடுக்குவது தகும் என்பது என் எண்ணம். ஆர்டர் கொடுக்கும்போதே, "சரக்கு வந்ததும் எடை போடுவேன், குறைந்தால் திருப்பி அனுப்புவேன்" என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

வந்ததும் எடை போடுங்கள்

சரக்கு கலாசிப்பாளையம் பார்சல் ஆபீசுக்கு வந்தது. ஒவ்வொரு பலகையும் பாய் மாதிரி சுருட்டி, பிளாஸ்டிக்கில் சுற்றியிருந்தது. ஆட்டோவில் இரண்டு நடை. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, குளியலறை எடை மெஷினில் நான் தனியாக ஏறி, பிறகு சுருளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஏறிக் கழித்துப் பார்த்தது.

கணக்கு இப்படி: நீளம், அகலம், தடிமன் மூன்றையும் இஞ்சில் பெருக்கி 61,024-ஆல் வகுத்தால் கன மீட்டர். 78 × 60 × 2 என்றால் 0.153. அதை டென்சிட்டியால் பெருக்கினால் இருக்க வேண்டிய எடை. 65-க்கு 10 கிலோ, 75-க்கு 11.5, 80-க்கு 12.3, 85-க்கு 13, 90-க்கு 13.8, 95-க்கு 14.6. அரைக் கிலோ முன்பின் இருந்தால் விட்டுவிடலாம்.

என் நான்கில் மூன்று சரி. அடிப் பலகைகளில் ஒன்று 11.7 கிலோ. அதாவது 90 என்று காசு வாங்கிக்கொண்டு 76 அனுப்பியிருக்கிறார்கள். விற்றவர் முதலில், "ரப்பர் காயும்போது எடை குறையும் சார்" என்றார். நான் ரப்பர் ஷீட் காயப்போட்ட வீட்டுப் பையன் என்று அவருக்குத் தெரியாது. வெந்து கழுவி உலர்ந்து வரும் பலகையில் இரண்டு கிலோ குறைய அதில் என்ன இருக்கிறது? எடை மெஷினில் நிற்கும் போட்டோவை அனுப்பினேன். பத்து நாள் இழுத்தடித்து மாற்றிக் கொடுத்தார்கள். போக்குவரத்துச் செலவு என் தலையில். பார்வைக்கு இரண்டு பலகையும் ஒன்றுபோலத்தான் இருந்தன. எடை போடாமல் அடுக்கியிருந்தால் மெத்தையின் அடி வருஷக் கணக்கில் தொய்ந்திருக்கும், காரணமும் தெரிந்திருக்காது.

தூக்குவதும் ஆறவைப்பதும்

லேட்டக்ஸ் பலகை ஈரத் துணி மாதிரி துவளும். ஓரத்தைப் பிடித்து இழுத்தால் துளைகளின் வரிசையிலேயே கிழியும். அதனால் இழுக்கக் கூடாது. ஒரு பழைய வேஷ்டியை விரித்து, சுருளை அதில் உருட்டி, இரண்டு பேர் வேஷ்டியின் முனைகளைப் பிடித்துத் தூக்குங்கள். எங்கள் மாடிப்படியில் அப்படித்தான் ஏற்றினோம்.

பிரித்ததும் ரப்பர் வாசனை வரும். லேசாக இனிப்பு கலந்த வாசனை. எனக்கு அது ஊர் வாசனை, மனைவிக்குத் தலைவலி. ஃபேனைப் போட்டு, ஜன்னலைத் திறந்து, வெயில் படாத அறையில் மூன்று நான்கு நாள் விரித்துவைத்தோம். ஓரிரு வாரத்தில் மூக்குக்குத் தெரியாத அளவுக்குக் குறைந்துவிட்டது. மடிப்புத் தடமும் இந்த நாட்களில் தானாக விரிந்துவிடும். அதற்கு முன் நீள அகலம் அளந்து வெட்டப் போகாதீர்கள்.

வெட்ட வேண்டி வந்தால் நீளமான, பல் இல்லாத கத்தி. பேனாவால் கோடு போட்டு, கோட்டின் மேல் ஒரு மரச் சட்டத்தை அழுத்திப் பிடித்து, கத்தியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, ஒரே திசையில் நீளமாக இழுத்து வெட்டுங்கள். ரம்பம் மாதிரி அறுத்தால் விளிம்பு பிய்ந்து போகும். இரண்டு இஞ்சுக்கு மேல் குறைக்க வேண்டுமென்றால் ஜே.சி. ரோடு பக்கம் சீட் தைக்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். அவர்களுக்கு ஃபோம் வெட்டும் கை உண்டு.

அடுக்குவது

கெட்டி அடியில், மென்மை மேலே. பசை வேண்டாம். லேட்டக்ஸ் மேல் லேட்டக்ஸ் வைத்தால் நகராது. தன் பாரத்திலேயே பிடித்துக்கொள்ளும். ஒட்டிவிட்டால் பிறகு எதையும் மாற்ற முடியாது, பசை நாற்றம் வேறு. நான்கு மூலையும் சரியாக வரும்படி அடுக்கி, மேலே ஒரு பருத்தி விரிப்பை மட்டும் போட்டு இரண்டு இரவு படுத்துப் பாருங்கள். கவர் இல்லாமல் படுப்பது எப்படி இருக்கிறது என்று உடம்புக்குத் தெரிய வேண்டும். அது அடுத்த கட்டத்துக்கு உதவும்.

டன்லப் பலகை வேகும்போது அடியில் கொஞ்சம் அடர்த்தி கூடும். அதனால் ஒவ்வொரு பலகையிலும் ஒரு முகம் லேசாக மென்மை, மறுமுகம் லேசாகக் கெட்டி. இரு முகத்தையும் உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்து, மென்மையான பக்கத்தில் ஓரமாக 'மே' என்று எழுதிவையுங்கள். துளைகள் ஓரிடத்தில் பெரிதும் ஓரிடத்தில் சிறிதுமாக இருக்கும் பலகை என்றால், பெரிய துளை இருக்கும் பகுதி தோளுக்கு நேராக வர வேண்டும்.

கவர்: நான் தவறிய இடம்

கவர் வெறும் உறைதானே என்று நினைத்தேன். சிவாஜிநகரில் ஒரு தையல்காரர். அறுபது வயதிருக்கும், வேலூர்ப் பக்கம் பூர்வீகம். மெத்தைத் துணி, அதுதான் நீலப் பட்டை போட்ட கெட்டித் துணி, சிக்பேட்டில் வாங்கிக்கொண்டு போனேன். தொட்டுப் பார்த்தவர், "இது பஞ்சு மெத்தைக்கு சார். இழுத்தா வராது. ரப்பர் மேல போட்டா தூளி மாதிரி பிடிச்சுக்கும், பனியன் துணி கொண்டாங்க" என்றார். "பரவாயில்லை பாய், உழைக்கும், இதுலயே தைங்க" என்றேன்.

தைத்து வந்ததைப் போட்டு ஜிப்பை இழுத்த அன்றிரவே மனைவியின் தோள் வலி திரும்ப வந்துவிட்டது. வட்டப் பலகையை வைத்துப் பார்த்தேன்: 23 மில்லிமீட்டர். கவர் இல்லாமல் 32 இருந்தது. துணி நான்கு பக்கமும் விறைப்பாக நின்று, தோள் இறங்க வேண்டிய இடத்தில் அவளைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. தூளி என்று அவர் சொன்னது அப்போதுதான் புரிந்தது. மேல் அடுக்கு எவ்வளவு நல்ல பலகையாக இருந்தாலும், இழுபடாத துணி அதைக் கெட்டியாக்கிவிடும்.

இரண்டாவது தடவை அவர் சொன்னபடி. திருப்பூரிலிருந்து இன்டர்லாக் பனியன் துணி, 240 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 240 கிராம்), முழுப் பருத்தி. கிலோ கணக்கில் தருவார்கள். குயின் சைஸ், 8 இஞ்ச் மெத்தைக்குச் சேதாரம் சேர்த்து 2.5 கிலோ போதும். அகலம் 64 இஞ்சுக்குக் குறையாத துணியாகக் கேளுங்கள். நடுவில் ஒட்டு வராது. வெட்டுமுன் ஒருமுறை நனைத்துக் காயவையுங்கள். பருத்தி பனியன் சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் மறுபடி அதே தூளிதான்.

தைத்து முடித்த அளவு, அடுக்கின் அளவைவிட நீள அகலத்தில் அரை இஞ்ச், உயரத்தில் அரை இஞ்ச் குறைவாக இருக்கட்டும். இழுபடும் துணி அதைத் தாங்கும், தொளதொளவென்றும் நிற்காது. ஜிப் மூன்று பக்கமும் வர வேண்டும்: இரண்டு நீளப் பக்கம், கால்மாட்டுப் பக்கம். 5-ஆம் நம்பர் காயில் ஜிப் 6 மீட்டர், ரன்னர் இரண்டு. மேல் மூடி தலைமாட்டுப் பக்கம் மட்டும் பிடித்திருந்தால், மெத்தையைத் தூக்காமலே பெட்டி மூடிபோலத் திறந்து அடுக்கை மாற்றலாம். ஜிப்பை அடி விளிம்பில் வைக்காமல் பக்கவாட்டில் நடுவாக வைக்கச் சொல்லுங்கள். அடியில் வைத்தால் கட்டில் சட்டத்தில் உரசும். பனியன் துணியில் ஜிப் தைக்கும்போது துணி இழுபட்டு அலையலையாக வரும். ஜிப் ஓடும் இடத்தில் உள்பக்கம் ஒரு நாடாவை வைத்துத் தைத்தார் பாய். ஒரு சுருக்கம் இல்லை.

புதிய கவரோடு வட்டப் பலகைச் சோதனை: 30 மில்லிமீட்டர். கடை மெத்தை 31. மனைவி படுத்தாள், ஒன்றும் சொல்லாமல் தூங்கிவிட்டாள்.

கடை மாடலின் கவரில் பஞ்சு வைத்துக் கட்டம் கட்டமாகத் தைத்திருந்தால் அந்த அரை இஞ்சோ ஒரு இஞ்சோவும் அந்தச் சுகத்தில் சேர்த்தி. அதை விட்டுவிட்டு அடுக்கை மட்டும் காப்பியடித்தால் வேறு மாதிரி இருக்கும்.

மூன்று வாரம் கழித்துச் சரிபாருங்கள்

முதல் வாரத்தில் எதையும் மாற்றாதீர்கள். பழைய மெத்தைக்குப் பழகிய உடம்பு எதற்கும் முனகும். இரண்டு மூன்று வாரம் ஆன பின்பும் தோளோ இடுப்பெலும்போ வலித்தால் மேலே மென்மை போதவில்லை. முதலில், மேல் பலகையின் 'மே' முகம் கீழே இருந்தால் திருப்பி மேலே கொண்டுவாருங்கள். அது போதாவிட்டால் இரண்டாம் அடுக்கை ஒரு படி இறக்குங்கள், 80 இருந்த இடத்தில் 75. அடிமுதுகு வலித்தால் நேர் எதிர்: இடுப்பு அதிகம் இறங்குகிறது. அடியிலிருந்து ஒரு 90-ஐ இரண்டாம் இடத்துக்கு ஏற்றி, 80-ஐ அதன் கீழே வையுங்கள். எங்களுக்கு இதுதான் நடந்தது. என் அடிமுதுகுக்காக என் பக்கத்தில் மட்டும் அப்படி மாற்ற ஆசைப்பட்டு, இரண்டாம், மூன்றாம் அடுக்குகளை நீளவாக்கில் இரண்டிரண்டாக வெட்டினோம். மேலே ஒரே பலகை போவதால் நடுவில் வெட்டு தெரியவில்லை.

ஒரு தடவைக்கு ஒரு மாற்றம். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாது.

கட்டிலின் அடி, வெயில், ஈரம்

பெங்களூரில் பெரும்பாலும் ஸ்டோரேஜ் கட்டில், அதாவது அடியில் சாமான் வைக்கும் பெட்டிக் கட்டில்தான். மேலே மூடிய பிளைவுட், அதன்மேல் மெத்தை. ஜூனிலிருந்து நவம்பர் வரை இங்கே காற்றில் ஈரம் போகாது; உடம்பு வேர்வை கீழே இறங்கிப் பிளைவுட்டில் நின்று பூஞ்சை பிடிக்கும். தச்சரிடம் அந்தப் பிளைவுட்டில் ஆறு இஞ்சுக்கு ஒன்றாக, ஒரு இஞ்ச் துளைகளைப் போடச் சொல்லுங்கள். மேலே மெல்லிய தென்னை நார்ப் பாய் விரித்து மெத்தையைப் போடுங்கள். பட்டைச் சட்டக் கட்டில் என்றால் பட்டைகளுக்கு நடுவே 3 இஞ்சுக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. 50 கிலோ துவளும் சரக்கு அதில் பிதுங்கும். மாதம் ஒருமுறை மெத்தையின் ஒரு பக்கத்தைத் தூக்கி அரை மணி நேரம் காற்று படவிடுங்கள்.

தண்ணீர் ஒழுகாத பிராட்டெக்டர் வேண்டுமென்றால் மெல்லியதாக, இழுபடுவதாக வாங்குங்கள். தூளி விஷயம் அதற்கும் பொருந்தும். எண்ணெய் தேய்த்த தலையோடு படுக்கும் பழக்கம் இருந்தால் கட்டாயம் வேண்டும். எண்ணெய் ரப்பரை உப்பவைத்துப் பிசுபிசுப்பாக்கும். குழந்தை ஈரமாக்கிவிட்டால் அந்த இடத்தை ஈரத் துணியால் ஒற்றி, ஃபேன் காற்றில் உலர்த்துங்கள். முழுப் பலகையைத் தண்ணீரில் நனைத்துவிடாதீர்கள். நனைந்தால் தூக்கும்போதே பாரத்தில் கிழியும்.

போன தை மாதம் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தாள். போடி இலவம் பஞ்சு மெத்தையை வருஷம் தவறாமல் மொட்டைமாடியில் வெயிலில் போட்டு, கம்பால் அடித்து எடுத்த கை அது. நாங்கள் ஆபீஸ் போயிருந்த நேரம் பார்த்து, கவரைத் திறந்து மேல் பலகையை இழுத்துக்கொண்டிருந்தாள். நல்லவேளை, கனம் தாங்காமல் எனக்கு போன் செய்தாள். ஜன்னலில் கிடந்த ரப்பர் பேண்டை எடுத்து இழுத்துப் பார்க்கச் சொன்னேன். "பொட்டுன்னு அறுந்து போச்சு மக்ளே" என்றாள். "இதுவும் அதே ரப்பர்தானம்மா, வெயில் பட்டா அப்படித்தான் ஆகும்" என்றேன். பலகையை அப்படியே விட்டுவிட்டாள்.

ஒரு மத்தியான வெயிலில் கெட்டுவிடாது. ஆனால் நேர் வெயில் படப்பட மேல் தோல் மஞ்சளாகி, முறுகி, பொடியாக உதிரத் தொடங்கும். கட்டில் ஜன்னலோரம் இருந்தால், பகலில் விரிப்பை எடுத்துவிட்டு மெத்தையை வெறுமனே போட்டு வைக்காதீர்கள். மெல்லிய பனியன் கவர் வெயிலை மறைக்காது.